ஃப்ளெக்ஸில் சிரித்த தாய்மாமன்

குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று முதலில் சொன்னவன் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். என் புருஷன் திம்மராயன் குறட்டை விட்டால் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீடு மொத்தத்துக்கும் கேட்கும். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா குழாயடியில் பெருமூச்சு விடுவாள். "கொடுத்து வெச்ச தூக்கம் ருக்மணி. எங்க வூட்டுக்காரரு கொசு கடிச்சாலே எந்திரிச்சுக் குந்திக்குவாரு." கொடுத்து வைத்த தூக்கமாம்! அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகும். வாய் திறந்திருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் உள்ளே போகாது. தோளைப் பிடித்து உலுக்கினால்தான் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். உலுக்குகிற வேலை என்னுடையது. கல்யாணமானதிலிருந்து அந்த வேலைக்கு லீவும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது.

அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் ஃபிட்டர். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார். நான் ஒரு காதை அடுப்படியிலும் ஒரு காதை அவர் மூக்கிலும் வைத்துக்கொண்டு குழம்பு கொதிக்க வைப்பேன். இத்தனை தூங்கியும் எழுந்தால் முகம் அடிவாங்கின மாதிரி வீங்கியிருக்கும். கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்து ஜன்னல் கம்பியில் மோதி நெற்றியில் தழும்பே விழுந்துவிட்டது. கூட வேலை செய்கிற அறிவாளிகள் அவருக்கு டீசல் இன்ஜின் என்று பேர் வைத்து ஆயுத பூஜைக்கு அவருக்கே மாலை போட்டு, பொட்டு வைத்துச் சிரித்தார்கள். அதற்கு இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். இந்த மனிதருக்குப் போட்டோ என்றால் போதும், பசிகூட எடுக்காது.

புகுந்த வீட்டில் சொன்னால் அவர்கள் இன்னும் ஒரு படி மேல். "எங்க வம்சத்துல ஆம்பளைங்க எல்லாருமே அப்பிடித்தான் அண்ணி. எங்கப்பா குறட்டை விட்டா மாடு மிரளும்" என்பாள் என் நாத்தனார் அருணா. அதில் ஒரு பெருமை வேறு. அந்த மாமனார் நாற்பத்தைந்து வயதில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊரே கூடி, "புண்ணியவான்யா, நோவு நொடி இல்லாம தூக்கத்துலயே போயிட்டான், நல்ல சாவு" என்று சொன்னதாம். நாற்பத்தைந்து வயதில் சாவது நல்ல சாவென்றால் கெட்ட சாவு எது என்று எனக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. என் புருஷனுக்கு அப்போது நாற்பது நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கி விழப் போனவரை ஒருத்தர் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குப் புத்தி வந்து பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். காலையில் அங்கிருந்த டாக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார். "இவ்ரு தூங்கல்லம்மா. விடிய விடிய மூச்சுக்கு சண்டை போட்டாரு. இப்பிடியே விட்டா ஒரு நாளு ஹார்ட்டு சாக்குன்னு நின்னு போயிடும்." கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வீடு திரும்பும் வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் மூக்கில் மாட்டுகிற மூடியும் காற்று ஊதுகிற மெஷினும் கொடுத்துப் பார்த்தார்கள். அது கரண்ட்டில் ஓடும். கரண்ட் எந்த நேரம் வரும், எந்த நேரம் போகும் என்று கரண்ட் ஆபீஸ்காரனுக்கே தெரியாத வருஷம் அது. கரண்ட் போனால் மெஷின் நிற்கும், இவர் மூடியைப் பிய்த்து எறிவார். வீட்டு ஓனர் நாராயணப்பன் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, வீட்லயே கம்ப்ரசர் வெச்சிருக்கீங்க, கரண்ட் பில்லு எகிறுமே" என்றார். அவர் கவலை அவருக்கு.

கடைசியில் டாக்டரம்மா இவர் வாயைத் திறந்து என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். மேல் அண்ணம் குறுகி, கோபுரத்து உட்பக்கம் மாதிரி உயரமாகப் போயிருந்தது. அண்ணத்துக்கு மேலேதான் மூக்கின் தரை இருக்கிறதாம். அது குறுகலானால் மூக்கும் குறுகல், நாக்குக்கும் இடமில்லை, அது தொண்டையில் போய் விழுகிறது. இவருக்கு வைத்தியம் அந்த மேல் தாடையை அகலப்படுத்துவது. சின்னப் பிள்ளைகளுக்கென்றால் கம்பி போட்டாலே அகலுமாம். வளர்ந்த ஆளுக்கு எலும்பு இறுகியிருக்கும், அறுத்துத்தான் ஆக வேண்டும்.

அறுத்தார்கள். அண்ணத்தின் குறுக்கே ஒரு சின்னத் திருகு வைத்த கம்பிச் சட்டத்தைக் கடைவாய்ப் பற்களில் ஒட்டினார்கள். அதைத் திருப்ப ஒரு சின்னக் கம்பிச் சாவியை என் கையில் கொடுத்தார் டாக்டரம்மா. தினமும் காலையிலும் மாலையிலும் நான் முன்னாலிருந்து பின்னால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாடை இரண்டாகப் பிரியும், நடுவில் புது எலும்பு வளரும். "முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து விழும். பயப்படாதீங்க. சந்து விழுந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அப்புறமா கம்பி போட்டு நான் மூடித் தர்றேன்" என்று படித்துப் படித்துச் சொன்னார். அந்தச் சாவியை என் தாலிச் செயினில், ஊக்குகளோடு ஊக்காக மாட்டிக்கொண்டேன்.

திருப்பும்போதெல்லாம் இவர் அலட்டுகிற அலட்டல் இருக்கிறதே! "மெதுவா, மெதுவா. திருகுல த்ரெட்டு போயிடப் போவுது. உனக்கு ஃபீல் தெரியாது, நான் ஃபிட்டர், எனக்குத்தான் தெரியும்." வாயைப் பிளந்துகொண்டு எனக்கு டிரெய்னிங் கொடுப்பார். என் மகள் தர்ஷினி சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிவிடுவாள். சந்து விழுந்தது. விரல் நுழைகிற அளவுக்கு வந்ததும் மனிதர் கண்ணாடியை விட்டு நகர மறுத்தார். டீக்கடையில் ஒருத்தன், சந்துப் பல் வந்தால் அதிர்ஷ்டம் என்றானாம். இன்னொருத்தன், காசு நிற்காது என்றானாம். டீக்கு வழியில்லாதவனெல்லாம் ஜோசியம் சொல்லுகிறான், இதை என்னிடம் வந்து ஒப்பிக்க ஒரு ஆள்.

ஆனால் ஒரு நாள் முற்பகலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளே படுத்திருந்தார். கீரையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஹார்ட்டு சாக்கு என்று சொல்லிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். பார்த்தால், வாய் மூடியிருக்கிறது. மூக்கு வழியாகக் காற்று சத்தமில்லாமல் போய் வருகிறது. பச்சைப் பிள்ளை மாதிரித் தூங்குகிறார். நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு நானும் தூங்கிவிட்டேன். அடுப்பில் பருப்பு தீய்ந்து நாறியதுதான் எங்களை எழுப்பியது.

இந்த நல்ல காலத்தைக் கெடுக்கத்தான் காதுகுத்து வந்தது.

அருணாவின் மகள் ஸ்வாதிக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். மத்தூர் பக்கம் அவள் புருஷன் சுரேந்தரின் ஊர். சுரேந்தருக்கு மாந்தோப்பு. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு லோடாகக் காய் அனுப்புகிறவன். பணம் வந்த வேகத்தில் புத்தி வந்து சேரவில்லை. ஊர் முனையிலிருந்து கோயில் வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தான். நடு ஃப்ளெக்ஸில் என் புருஷன் முழு ஆள் உயரத்துக்கு, பழைய ஆயுத பூஜை போட்டோவில் மாலையை மட்டும் அழித்துவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். கீழே, 'சீர் சுமந்து வரும் எங்கள் தாய்மாமன் சிங்கமே' என்று எழுத்து. பக்கத்திலேயே நிஜமாக ஒரு சிங்கமும் இருந்தது. சிங்கத்துக்கும் பல் தெரிந்தது.

தர்ஷினிக்குப் பரீட்சை இருந்ததால் இவர் மட்டும் முன்னாலேயே தங்கச்சி ஊருக்குப் போனார். சாவியைக் கழற்றிக் கொடுத்து, "உங்க தங்கச்சிய திருப்பச் சொல்லுங்க. முன்னால இருந்து பின்னால" என்று அவளுக்குப் போனிலும் சொன்னேன். அவள் சரி அண்ணி, சரி அண்ணி என்று கேட்டுக்கொண்டாள். நானும் நம்பினேன்.

விசேஷத்தன்று காலையில் நானும் மகளும் போய் இறங்கினோம். இவர் பட்டு வேட்டியில் பந்தல் வாசலில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டே சிரித்தார். வெற்றிலை போட்டவன்கூட அப்படி வாயை மூட மாட்டான். முகம் மறுபடி வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஓரமாக இழுத்துப் போய், "வாயத் திறங்க" என்றேன். திறந்தார். விரல் நுழைந்த சந்து பாதிக்குமேல் மூடியிருந்தது. சட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல ருக்மணி. ரிவர்ஸ்ல திருப்பினோம். கம்பெனியில இரும்பக் கவ்விப் பிடிக்கற நம்ம வைஸ் மாதிரிதான் அது. திறக்கற பக்கம் திருப்பினா திறக்குது, மூடற பக்கம் திருப்பினா மூடுது. ஃபங்ஷன் முடிஞ்சதும் திரும்பத் திறந்துக்கலாம்."

"வைஸா? அது உங்க எலும்புய்யா!"

"கத்தாத. சுரேந்தர் வீட்டு ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க. ஃப்ளெக்ஸ்ல ஒரு மூஞ்சி, நேர்ல ஒரு மூஞ்சின்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. அருணா அழுவுறா. வீடியோ வேற எடுக்கறாங்க. காலத்துக்கும் நிக்கும் இல்ல?"

ஃபிட்டர்! ஃபீல் தெரிந்த ஃபிட்டர்! கம்பெனியில் இரும்பை அறுக்கிறவர் தன் தாடையையும் அப்படியே நினைத்துக்கொண்டார். ஃப்ளெக்ஸில் இருக்கிற மூஞ்சிக்காக நிஜ மூச்சை விற்கிற ஜாதியை நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. "யாரும்மா திருப்பச் சொன்னது? உடனே முன்ன மாதிரி திருப்புங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. எலும்பு தப்பா கூடிட்டா மறுபடியும் அறுக்கணும்."

அருணாவிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். சிவப்புப் பட்டுப் புடவையில், தலை நிறைய பூவோடு, வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் தாலிச் செயினில்தான் சாவி தொங்கியது.

"போட்டோ முடியட்டும் அண்ணி. இப்ப போய் வாயத் திறந்து, ரத்தம் கித்தம் வந்தா? நல்ல காரியத்துல அபசகுனம். எங்க மாமியார் ஏற்கெனவே என்னாடி உங்கண்ணனுக்கு வாயில வாசல் வெச்சிருக்காங்கன்னு கேட்டுட்டாங்க. எனக்கு மானமே போச்சு."

"உனக்கு மானம் போச்சு. எனக்கு எது போகும்னு தெரியுமா உனக்கு?"

"ஒரு நாளுக்கு ஒண்ணும் ஆவாது அண்ணி. எங்கண்ணன் நல்லாத்தான் தூங்குது. ராத்திரி கூட அடிச்சுப் போட்ட மாதிரி குறட்டை விட்டுத் தூங்குச்சு."

அந்த வாயில் எதைப் போடுவது என்று யோசிப்பதற்குள் மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

மனையில் இவரை உட்கார வைத்து மடியில் மொட்டைத் தலை ஸ்வாதியை வைத்தார்கள். சந்தனம் பூசின குளிர்ச்சியில் அது மாமன் நெஞ்சில் சாய்ந்து உடனே தூங்கிப்போனது. ஆசாரி கங்கப்பன் தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது சுரேந்தரின் பெரியப்பா ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து, "எமகண்டம் இன்னும் முடியல, பொறுங்க" என்றார். பந்தல் போட, ஃப்ளெக்ஸ் கட்ட, சிங்கம் பிடிக்க நேரம் பார்த்தவர்கள், காது குத்த நேரம் பார்க்க மறந்திருக்கிறார்கள். எல்லோரும் காத்திருந்தோம். மேளத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெயிலுக்குப் பந்தல் புழுங்கியது.

இவர் தலை சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. பிறகு வாய் திறந்தது. மூடி மூடி வைத்திருந்த அந்த வாய், ஊர் முழுக்கப் பார்க்க, வீடியோக்காரன் லைட்டுக்கு நேராக, ஆவென்று திறந்தது. குறட்டை கிளம்பியது.

பந்தல் சிரித்தது. "மாமனுக்கு ஒரு மெத்தை போடுங்கப்பா!" "சீரு சுமந்த அலுப்பு!" "ஃப்ளெக்ஸ்ல சிங்கம்னு போட்டாங்க, இங்க உறுமுது பாரு!" வீடியோக்காரன் ரசித்து ரசித்துக் கிட்டே வந்தான். சுரேந்தருக்கு முகம் செத்துப்போனது. அருணா என் கையைப் பிடித்து, "எழுப்புங்க அண்ணி, எழுப்புங்க, மானம் போவுது" என்று கிசுகிசுத்தாள்.

அப்போது குறட்டை நின்றது.

பந்தலில் சிரிப்பு நிற்கவில்லை. "அப்பாடா, இப்பத்தான் நல்லாத் தூங்கறான்" என்றார் அந்த எமகண்டப் பெரியப்பா. எனக்குக் கை பரபரத்தது. எத்தனையோ தடவை உலுக்கின கை, அதற்குத் தானாகவே போகத் தெரியும். ஆனால் அன்று நான் அருணாவின் கையைத்தான் பிடித்தேன். பிடித்து இழுத்துப்போய் அவள் அண்ணன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

"பாரு. நல்லாத் தூங்கறார்னியே. பாருடி."

அவள் உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு எம்பி எம்பித் தவித்தது. வாயில் காற்று இல்லை. உதடு நீலம் பாய ஆரம்பித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அருணா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு பயம் வந்தது. "அண்ணா!" என்று அலறி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கின உலுக்கில் தலையிலிருந்த பூ அவிழ்ந்து விழுந்தது. இவர் பெரிய இழுப்பாக ஒரு மூச்சை இழுத்துக் கண் விழித்தார். மடியில் குழந்தை வீறிட்டது. கங்கப்பன் கம்பியைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

அருணா அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, அப்பாவும் இப்பிடித்தான். அன்னிக்கு மத்தியானம் நான்தான் பக்கத்துல குந்திக்கினு படிச்சேன். குறட்டை இப்பிடித்தான் நின்னுச்சு. சத்தம் அடங்கிடுச்சு, நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டேன் அண்ணி. எழுப்பவே இல்ல."

இத்தனை வருஷமும் நல்ல சாவு, நல்ல சாவு என்று சொல்லி அப்பன் மூச்சு முட்டிச் செத்ததை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். அவளைத் திட்டுவதற்கு வாயில் வரிசையாக வைத்திருந்த எதுவும் எனக்கு அப்போது வரவில்லை. "உனக்கு என்னா தெரியும் அப்ப. சின்னப் பொண்ணு" என்றேன். "இப்பத் தெரிஞ்சிடுச்சு இல்ல? எந்திரி. சாவிய எடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாலிச் செயினிலிருந்து சாவியைக் கழற்றினாள். அவள் மாமியார், "ஏய், மனையில குந்திக்கினு என்னாடி இது, எமகண்டம் முடியல" என்று ஆரம்பித்தாள். அருணா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தர்ஷினி குழந்தையை வாங்கிக்கொண்டாள். இவர் ஒன்றும் புரியாமல், சுற்றி நிற்கிற கூட்டத்தையும் வீடியோ லைட்டையும் பார்த்துவிட்டு, வழக்கம்போல வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"திறண்ணா" என்றாள் அருணா. "மூடினா பாரு, அடிச்சுடுவேன்."

திறந்தார். சாவியைத் திருகின் ஓட்டையில் வைத்து என்னைப் பார்த்தாள். "முன்னால இருந்து பின்னால" என்றேன். தள்ளினாள். இவர் கண்ணில் தண்ணீர் முட்டியது, வலியோ வெட்கமோ. ஃபீல் தெரிந்த ஃபிட்டர் ஒரு வார்த்தை டிரெய்னிங் கொடுக்கவில்லை.

வீடியோக்காரன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அக்கா, இதை வேணாம்னா கட் பண்ணிடட்டுமா?"

"எதுக்குக் கட் பண்ணணும்? எடு" என்றேன். "கிட்ட வந்து எடு. சந்து நல்லாத் தெரியற மாதிரி எடு."